முன்பள்ளிப் பிள்ளைக்கு முதல் சைக்கிள்: 12 அங்குல வண்டி ஒன்றின் மதிப்பீடு

கிளிநொச்சியின் ஏ9 வீதியோரக் கடைகளில் சின்னப் பிள்ளைகளுக்கென்று விற்கப்படும் சைக்கிள்கள் பெரும்பாலும் ஒரே வார்ப்பில் அமைந்தவை. இரும்புச் சட்டம், 12 அல்லது 16 அங்குலச் சில்லு, பின்சில்லின் இருபுறமும் பிளாஸ்டிக் துணைச்சில்லுகள், முன்னால் ஒரு கூடை, ஒரு மணி. நான்கு வயது மகளுக்காக அவற்றுள் 12 அங்குல வண்டியொன்றை வாங்கினோம். கீழே சொல்லும் குறைகள் அந்த வகை வண்டிகளுக்கே பொதுவானவை என்பதால், கடையின் பெயரும் தயாரிப்பின் பெயரும் இங்கே தேவையில்லை.

கடைக்காரர் முதலில் காட்டியது 16 அங்குல வண்டியை. "பெரிசா எடுங்கோ அக்கா, ரெண்டு மூண்டு வருசத்துக்கு ஓடலாம்" என்றார். பெரியவர்களின் சைக்கிளில் பாருக்குக் கீழே காலை விட்டு ஓடிப் பழகிய நமக்கு அது நியாயமாகத்தான் படும். ஆனால் பழகும் பிள்ளைக்கு வேண்டியது, சீற்றில் இருந்தபடியே இரண்டு பாதங்களையும் நிலத்தில் முழுதாகப் பதிக்கக்கூடிய உயரம். அதற்குப் பெட்டியில் எழுதியிருக்கும் வயது உதவாது. பிள்ளையைச் சுவரோடு நிறுத்தி, கவட்டிலிருந்து நிலம் வரை அளந்துகொண்டு கடைக்குப் போவதே சரி. எங்கள் மகளின் அளவு 43 சென்ரிமீற்றர். 16 அங்குல வண்டியின் சீற்றை அடிவரை இறக்கியும் 50க்குக் கீழே வரவில்லை; 12 அங்குல வண்டியில் 41 வரை இறங்கியது. நிறையையும் தூக்கிப் பார்க்க வேண்டும். நான்கு வயதுப் பிள்ளை ஏறத்தாழ 16 கிலோ இருக்கும். இந்த இரும்பு வண்டி எட்டுக் கிலோவுக்குக் குறையாது. அறுபது கிலோ எடையுள்ள ஒருவரிடம் முப்பது கிலோ சைக்கிளைக் கொடுப்பதற்கு இது சமன் என்பதால், எடை கூட்டுவதைத் தவிர வேறொன்றும் செய்யாத கூடையை முதல்நாளே கழற்றிவிட்டோம்.

துணைச்சில்லுகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். சீமெந்துத் தரையில் அவை ஒழுங்காகவே ஓடும். எங்கள் ஒழுங்கையோ உழவு இயந்திரங்கள் ஓடிப் பள்ளம் விழுந்த கிரவல் பாதை. இரு துணைச்சில்லுகளும் பள்ளத்தின் இரு விளிம்புகளிலும் ஏறிக்கொள்ள, நடுவிலுள்ள பின்சில்லு நிலத்தைத் தொடாமல் அந்தரத்தில் சுற்றியது. பிள்ளை மிதித்துக்கொண்டே இருந்தாள், வண்டி அசையவில்லை. இதைவிடப் பெரிய குறை, அவை சமநிலையைப் பழக்குவதில்லை என்பது. இரண்டு சில்லு வண்டி விழப்போகும் பக்கத்துக்குக் கைபிடியைத் திருப்பியும், வளைவில் உடலைச் சாய்த்தும்தான் அதை நிமிர்த்தி ஓட்டுகிறோம்; துணைச்சில்லு அந்தச் சாய்வையே தடுத்துவிடுகிறது.

ஆகவே துணைச்சில்லுகளையும் பெடல்களையும் சேர்த்தே கழற்றினோம். இடப்பக்கப் பெடலின் புரி எதிர்த்திசையில் வெட்டப்பட்டிருக்கும். வழக்கம்போல் இடஞ்சுழியாகத் திருகினால் இன்னும் இறுகுமே தவிரக் கழராது. பெடல் இல்லாத வண்டியைக் காலால் உந்தி ஓடுவது புதுமையும் அல்ல: 1817இல் ஜெர்மனியில் கார்ல் டிரைஸ் ஓட்டிக் காட்டிய வண்டி அப்படிப்பட்டதே, பெடல் பரவலாக வந்தது 1860களில்தான். மகள் முற்றத்தில் முதலில் நடந்தாள், பிறகு உந்தினாள், பின்னர் இரு கால்களையும் தூக்கிக்கொண்டு கிணற்றடி வரை உருண்டாள். அந்த நிலை வந்த பின்பே பெடலைத் திரும்பப் பூட்டினோம்; துணைச்சில்லுகள் இன்னும் கொட்டிலில்தான் கிடக்கின்றன. பெடலே இல்லாமல் விற்கப்படும் உந்துவண்டிகள் எடை குறைந்தவை, ஆனால் அதன்பின் வேறொரு சைக்கிள் வாங்க வேண்டிவரும். எனவே ஒன்றுக்கே பணமுள்ள வீட்டாருக்கு நான் சொல்வது இந்த வழியையே.

ரயரில் இரண்டு வகை உண்டு. காற்று அடிக்கத் தேவையில்லாத நுரை ரயர், நெருஞ்சி முள் நிறைந்த நம் வளவுகளுக்கு ஏற்றதுபோலத் தோன்றும். ஆயினும் அது குலுக்கத்தைத் தாங்காமல் அப்படியே கைக்கு அனுப்பும், கிரவலில் வழுக்கவும் செய்யும். காற்று ரயருக்கு ஒட்டுப் போட ஒவ்வொரு சந்தியிலும் ஆளுண்டு. 12 அங்குல ரியூப் எல்லா இடத்திலும் கிடைக்காது என்பதால் வண்டியுடன் ஒன்றை மேலதிகமாக வாங்கி வைப்பது நல்லது.

எனக்குத் திருப்தி தராத பகுதி பிறேக். சீற்றின் உச்ச உயரம் 435 மில்லிமீற்றருக்கு மேலும் 635க்குக் கீழும் உள்ள சிறுவர் சைக்கிள்களுக்கான ஐஎஸ்ஓ 8098 என்ற சர்வதேசப் பாதுகாப்புத் தரம், தனித்தனியே இயங்கும் இரண்டு பிறேக்குகளைக் கேட்கிறது. எங்கள் வண்டியிலும் இரண்டு உண்டு. ஆனால் பிடிகள் பெரியவர் கைக்கு அளந்தவை, பிள்ளையின் விரல் நுனி மட்டுமே அவற்றைத் தொட்டது. பிடியின் அடியிலிருந்த சிறு திருகாணியை முடுக்கிக் கைபிடிக்கு நெருக்கமாகக் கொண்டுவந்த பின் முன்பிறேக் சரியாயிற்று. பின்பிறேக் இன்றும் தளர்வுதான். முன்பிறேக்கை மட்டும் அழுத்தினால் கிரவலில் முன்சில்லு இழுத்துவிடும் என்பதால், வீதியில் அவளை இன்னும் தனியே விடுவதில்லை.

வாங்குபவர்கள், பிள்ளையைக் கடையிலேயே சீற்றில் இருத்தி, இரு பிறேக்குகளையும் அவள் கையாலேயே பிடிக்கச் சொல்லுங்கள். முன்சில்லை முழங்கால்களுக்கிடையே இறுக்கிக்கொண்டு கைபிடியைத் திருப்பிப் பாருங்கள். அது தனியே திரும்பினால் முடுக்கித் தரச் சொல்லுங்கள். செயின் முழுதாக மூடியிருக்கிறதா என்றும் பாருங்கள், நம் பிள்ளைகள் செருப்பில்லாமலே ஏறுபவர்கள். இதற்கெல்லாம் முகம் சுளிக்கும் கடையானால் அடுத்த கடைக்குப் போகலாம்.