கம்பியைக் கடிக்கும் ஹாம்ஸ்டர்: பெரிய கூண்டா, பிளாஸ்டிக் பெட்டியா, மீன் தொட்டியா?

ராத்திரி பதினொன்றரைக்கு ஆரம்பிக்கும். முதலில் நகத்தால் கம்பியைச் சுண்டுவது மாதிரி ஒரு சத்தம். அப்புறம் கிர்ர், கிர்ர் என்று விடாமல் ஒரு மணி நேரம். விளக்கைப் போட்டுப் பார்த்தால் எங்கள் ஹாம்ஸ்டர் முந்திரி பின்னங்காலில் எழுந்து நிற்கும். முன்பல்லுக்குப் பின்னால் இருக்கும் இடைவெளியில் குறுக்குக் கம்பியைக் கொடுத்து, கண்ணை இடுக்கிக்கொண்டு இழுக்கும். மூன்றாவது மாதத்தில் அதன் மூக்கின் மேல் முடி உதிர்ந்து, பயறளவுக்கு ரோஸ் நிறத் தோல் தெரிந்தது. அன்றைக்குத்தான் நானும் மகளும் இதை இப்படியே விடக்கூடாது என்று முடிவு செய்தோம்.

விற்ற கடையில் கேட்டதற்கு, "பல்லு வளர்ந்துக்கிட்டே இருக்கும்ல, தேய்க்கத்தான் கடிக்குது, விட்டுடுங்க" என்றார்கள். பாதி உண்மை. ஹாம்ஸ்டரின் முன்பற்கள் ஆயுள் முழுக்க வளரும். ஆனால் அவை தேய்வது பெரும்பாலும் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒன்றோடொன்று உரசுவதாலும் தீனியைக் கொறிப்பதாலும்தான். இரும்புக் கம்பி அதற்குத் தேவையில்லை. கம்பியைக் கடித்தால் பல் உடையலாம், கோணலாகலாம். கோணலான பல் ஒன்றையொன்று உரசாது, நீண்டுகொண்டே போகும். அப்புறம் வாழ்நாள் முழுக்க மருத்துவரிடம் போய் வெட்டிவிட வேண்டியதுதான். முந்திரியின் பல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று மருத்துவர் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

அது கடித்தது வேறு காரணங்களால். இடம் போதவில்லை, தோண்ட மண் இல்லை. போதாததற்கு நாங்களே கொடுத்த பழக்கமும் சேர்ந்துகொண்டது. சத்தம் தாங்காமல் ஒரு சூரியகாந்தி விதையைப் போடுவோம், இல்லாவிட்டால் வெளியே எடுத்துவிடுவோம். கடித்தால் கிடைக்கும் என்று அது கற்றுக்கொண்டது. அந்தப் பழக்கத்தை நிறுத்தியதில் கொஞ்சம் குறைந்தது, நிற்கவில்லை.

கசப்பு ஸ்பிரே, கொய்யாக் குச்சி, அட்டைச் சுருள் எல்லாவற்றையும் முயன்று பார்த்தோம். ஸ்பிரே ஒரு நாள் தாங்கியது, மறுநாள் அடுத்த கம்பிக்குப் போய்விட்டது. கொய்யாக் குச்சியை ஆசையாகத்தான் கொறித்தது. அதை முடித்துவிட்டு மறுபடியும் கம்பிக்கு வந்தது. கொறிக்க ஏதாவது எப்போதும் கொடுக்கத்தான் வேண்டும். கம்பிக்கு மட்டும் அது மாற்று ஆகாது.

எனவே மிச்சம் இருந்தது வீட்டையே மாற்றுவது. அதற்கு மூன்று வழிகள்.

முதலாவது, இதைவிடப் பெரிய கம்பிக் கூண்டு. காற்றோட்டத்தில் இதை மிஞ்ச எதுவும் இல்லை. தூக்குவது எளிது, கழுவுவது எளிது. எங்கள் பழைய கூண்டு ஒன்றரை அடிக்கு ஒரு அடி, அதாவது சுமார் 1,350 சதுர செ.மீ. சுவிட்சர்லாந்தின் பெர்ன் பல்கலைக்கழகத்தில் 1,800 முதல் 10,000 சதுர செ.மீ வரை நான்கு அளவுக் கூண்டுகளில் சிரியன் ஹாம்ஸ்டர்களை (முந்திரியும் இந்தப் பெரிய வகைதான்) வளர்த்துப் பார்த்து, 2007-இல் முடிவை வெளியிட்டார்கள். சின்னக் கூண்டில் இருந்தவை அதிக நேரம், அடிக்கடி கம்பியைக் கடித்தன. பெரிய கூண்டிலும் கடி முற்றிலும் நிற்கவில்லை. அவர்கள் சோதித்ததில் மிகச் சிறிய கூண்டைவிடவும் எங்களுடையது சிறியது என்று தெரிந்தபோது மனசு கஷ்டமாகிவிட்டது. ஆக, பெரிசாக்குவது உதவும், ஆனால் அது மட்டும் போதாது.

ஏன் போதாது என்பதற்கு அதே பல்கலைக்கழகத்தின் 2006 ஆய்வில் பதில் இருக்கிறது. எனக்கு முடிவைத் தீர்மானித்தது அதுதான். அதில் கூண்டின் அடியில் நிரப்பும் பெட்டிங்கின் (மரச்சீவல், காகிதத் துண்டு மாதிரியான படுக்கை) ஆழத்தை 10, 40, 80 செ.மீ என்று மாற்றிப் பார்த்தார்கள். 10 செ.மீ மட்டும் கிடைத்த ஹாம்ஸ்டர்கள் மற்ற இரண்டு குழுக்களைவிட மிக அதிகமாகக் கம்பியைக் கடித்தன. இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. இன்று வீடுகளில் வளரும் சிரியன் ஹாம்ஸ்டர்களில் பெரும்பாலானவை 1930-இல் சிரியாவின் அலெப்போ பக்கத்தில் தோண்டி எடுத்த ஒரே குடும்பத்தின் வழிவந்தவை. அந்தப் பகுதியில் காட்டு ஹாம்ஸ்டர்களின் வளைகளை அளந்தபோது சராசரி ஆழம் 65 செ.மீ இருந்தது. இரண்டடிக்கு மேல் தோண்டிப் படுக்கும் பிராணி அது. சாதாரணக் கம்பிக் கூண்டின் தட்டோ ஐந்தாறு செ.மீ உயரம். அதற்கு மேல் நிரப்பினால் கம்பி வழியே வீடு முழுக்கச் சிதறும். இப்படிப்பட்ட கூண்டு எவ்வளவு பெரிசாக இருந்தாலும் இந்தக் குறை மாறாது.

இரண்டாவது, துணிமணி வைக்கும் பெரிய பிளாஸ்டிக் பெட்டி. மூடியின் நடுவை வெட்டி எடுத்து, வெல்ட் மெஷ் வைத்துக் கேபிள் டையால் கட்டிவிட்டால் கூண்டு தயார். செலவு குறைவு, எடை குறைவு, கடிக்கக் கம்பியே கிடையாது. கோயம்புத்தூரில் என் தங்கை ஒரு குட்டை வகை ஹாம்ஸ்டரை இப்படித்தான் வைத்திருக்கிறாள், அது நிம்மதியாக இருக்கிறது. நான் நேரில் பார்த்தது நான்கு நாள்தான், அதனால் இதைப் பற்றி அழுத்திச் சொல்ல மாட்டேன். அவள் சொன்ன குறைகள் இரண்டு. ஆழமாக நிரப்பினால் பக்கச்சுவர் வெளியே பிதுங்குகிறது. மெஷ் பொருத்திய விளிம்பு உள்ளே கொஞ்சம் நீட்டிக்கொண்டிருந்தாலும் பல் அங்கே போய்விடுகிறது. சிரியன் வகைக்கு ஏற்ற தரைப்பரப்புள்ள பெட்டி எங்கள் பக்கத்துக் கடைகளில் எனக்குக் கிடைக்கவில்லை. குட்டை வகை வைத்திருப்பவர்கள் முதலில் இதைப் பார்ப்பது நல்லது.

மூன்றாவது, நாங்கள் எடுத்த முடிவு, மீன் தொட்டி. பெரம்பூரில் இருப்பதால் கொளத்தூர் எங்களுக்குப் பக்கம். வண்ணமீன் கடைகள் வரிசையாக இருக்கும் அந்தத் தெருக்களில் ஒரு கடையில், "அண்ணா, ஒழுகுற பழைய தொட்டி இருக்கா?" என்று கேட்டேன். "ஒழுகுற தொட்டி எதுக்கும்மா?" என்றார். ஹாம்ஸ்டருக்கு என்றதும் பின்கட்டுக்குக் கூட்டிப்போனார். நான்கு அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். ஒரு மூலையில் சிலிகான் ஒட்டு விட்டுப்போயிருந்தது. தண்ணீர் நிற்காத தொட்டி மீன் வளர்ப்பவருக்கு உதவாது. எனக்கு அது குறையே இல்லை. 1,800 ரூபாய்க்குக் கொடுத்தார். தரைப்பரப்பு சுமார் 5,400 சதுர செ.மீ, பழைய கூண்டைப் போல நான்கு மடங்கு. வாங்கும்போது விளிம்பில் கையை ஓட்டிப் பார்த்து, சில்லு பெயர்ந்த இடம் இருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். எடை முப்பது கிலோவுக்குக் குறையாது, தூக்க இரண்டு பேர் வேண்டும்.

ஒரு பக்கம் 30 செ.மீ ஆழம், மறுபக்கம் 12 செ.மீ என்று சரிவாக நிரப்பினோம். 28 செ.மீ சக்கரம் மூடியில் இடிக்காமல் நிற்க ஆழம் குறைந்த பக்கம் வேண்டும். சக்கரம், மண் வீடு போன்ற கனமானவற்றைப் பெட்டிங் மேல் வைக்காதீர்கள். அடியில் சுரங்கம் தோண்டும்போது சரிந்து விழுந்து நசுக்கிவிடும். கண்ணாடித் தரையில் நிற்கும் மரக்கால்கள் மேல் பலகை வைத்து, அதன் மேல்தான் சக்கரம்.

இனிப் பராமரிப்பு. பெரும்பாலானோர் தயங்குவது இங்கேதான், நானும் தயங்கினேன். நூறு லிட்டருக்கு மேல் பெட்டிங் பிடித்தது. காகிதப் பெட்டிங்கும் முயலுக்கு விற்கும் திமோத்தி புல்லும் மாறி மாறி அடுக்கியதில் முதல் செலவு தொட்டி விலையைத் தாண்டிவிட்டது. புல் சேர்த்தால்தான் சுரங்கம் இடியாமல் நிற்கிறது. செலவைக் குறைக்கத் தச்சுப் பட்டறையிலிருந்து சீவல் அள்ளி வராதீர்கள். அதில் பிளைவுட் பசையும் பாலீஷும் கலந்திருக்கும்.

ஆனால் அவ்வளவு பெரிய செலவு ஒரே தடவைதான். பழைய கூண்டில் வாரம் ஒருமுறை எல்லாவற்றையும் கொட்டிக் கழுவி மாற்றினோம், இல்லாவிட்டால் நாறும். தொட்டியில் முந்திரி ஒரே மூலையில்தான் சிறுநீர் கழிக்கிறது. நான்கு நாளுக்கொருமுறை அங்கே மட்டும் இரண்டு கை அள்ளிப் போட்டுவிட்டுப் புதுசு வைத்தால் போதும். இரண்டு மாதத்துக்கொருமுறை மூன்றில் ஒரு பங்கு மாற்றுகிறோம், மீதியைத் தொடுவதில்லை. கணக்குப் பார்த்தால் ஏழெட்டு மாதத்தில் செலவு சமமாகிவிட்டது. மகள் நோட்டில் எழுதி வைத்ததிலிருந்து இன்னொன்றும் தெரிந்தது. பழைய கூண்டில் கடி மிக அதிகமாக இருந்தது முழுசாகச் சுத்தம் செய்த இரவுகளில்தான். ஹாம்ஸ்டர் தன் இடத்தை வாசனையால் அடையாளம் வைக்கும் பிராணி. வாராவாரம் அதன் வீட்டை அழித்து, ஊர் தெரியாத இடத்தில் விட்டது மாதிரி செய்துகொண்டிருந்தோம். ஆழமான பெட்டிங் கொடுத்த பெரிய நன்மை, அப்படிச் செய்ய வேண்டிய தேவையையே எடுத்துவிட்டதுதான்.

தொட்டிக்கென்று தனித் தொல்லைகளும் உண்டு. தண்ணீர் பாட்டில் ஒருமுறை சொட்டி, அடிவரை நனைந்து பூஞ்சை பிடித்தது. அதன் பிறகு சின்னப் பீங்கான் கிண்ணம்தான். முந்திரி சுரங்கத்துக்குள் விதை சேர்த்து வைப்பதால் எறும்பு வரும். எறும்புப் பொடியோ சாக்பீஸோ பக்கத்திலேயே போகக்கூடாது என்பதால் ஸ்டாண்டின் நான்கு காலையும் தண்ணீர்க் கிண்ணத்தில் வைத்திருக்கிறோம். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை கையை அடிவரை விட்டு ஈரம் பார்க்கிறேன்.

வெயில்தான் எனக்கு இன்னும் கவலை. மூடி முழுக்க மெஷ் போட்டாலும் தொட்டியில் காற்று கம்பிக் கூண்டு அளவுக்கு ஓடாது. 30 டிகிரியைத் தாண்டினாலே ஹாம்ஸ்டருக்கு ஆபத்து தொடங்குகிறது. எங்கள் வீடு தரைத்தளம், வடக்குப் பார்த்த அறை. மே மாதப் பகலில் ஏசி போட்டுவிடுகிறோம். மின்சாரம் போகும் நேரத்துக்கு ஒரு துண்டு கடப்பாக்கல்லும், துணி சுற்றிய ஐஸ் பாட்டிலும் தயாராக இருக்கும். முந்திரி அந்தக் கல்மேல் வயிற்றைப் பரப்பிப் படுத்துவிடும். மொட்டைமாடிக்கு நேர் கீழே, ஏசி இல்லாத அறை என்றால் தொட்டியை வாங்கச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அந்த அறையில் ஹாம்ஸ்டரையே வைக்காமல் இருப்பது நல்லது.

மாற்றியதும் அன்றிரவே எல்லாம் சரியாகிவிடவில்லை. முதல் பத்து நாள் முன்பக்க மூலையில் நின்று கண்ணாடியைப் பிராண்டியது. மகள் அழாத குறைதான். பிராண்டும்போது எடுக்கவே கூடாது என்று உறுதியாக இருந்து, அது அமைதியாக இருக்கும் நேரத்தில் மட்டும் வெளியே விளையாட விட்டோம். மூன்றாவது வாரம் ஒரு காலையில் கண்ணாடியை ஒட்டி ஒரு சுரங்கம் தெரிந்தது, அதன் முடிவில் கிழித்த டிஷ்யூ காகிதக் கூடு. உள்ளே சுருண்டு தூங்கிக்கொண்டிருந்த முந்திரியின் ஒரு பாதம் மட்டும் கண்ணாடியில் அழுந்தியிருந்தது. அரிசிமணி மாதிரி விரல்கள். இப்போதும் மாலையில் எப்போதாவது ஐந்து நிமிடம் அந்த மூலையில் பிராண்டும். மூக்கின் மேல் முடி முளைத்துவிட்டது, ஓரத்தில் மட்டும் நிறம் கொஞ்சம் வெளுப்பு.