டிஐ-84 பிளஸ் சிஇ, கேசியோ சிஜி50: சமன்பாட்டின் விடையை எது தெளிவாகக் காட்டுகிறது?

சிங்கப்பூரில் மேல்நிலைத் (ஏ-லெவல்) தேர்வுக்கு எச்2 என்னும் நிலையில் கணிதம் படிக்கும் என் மகளுக்கு வரைபடக் கால்குலேட்டர் வாங்க வேண்டியிருந்தபோது, டிஐ-84 பிளஸ் சிஇ, கேசியோ எஃப்எக்ஸ்-சிஜி50 ஆகிய இரண்டையும் ஒப்பிட்டுக் கேசியோவை வாங்கினோம். டிஐயை மின்னேற்றிக்கொள்ளலாம், கேசியோவுக்கு நான்கு ட்ரிபிள்-ஏ பேட்டரிகள் வேண்டும்; இது அவரவர் வசதியைப் பொறுத்தது. பல்லுறுப்புக் கோவைகளில் டிஐயே முன்னிற்கிறது: அதிலுள்ள பல்லுறுப்புக் கோவை ஆப் 10ஆம் படி வரை தீர்க்கிறது, கேசியோ 6ஆம் படியோடு நின்றுவிடுகிறது. பாடத்திட்டத்துக்கு 6 தாராளம்.

எங்கள் முடிவைத் தீர்மானித்தது, சமன்பாட்டைத் தீர்த்துத் தரும் சால்வர் என்ற வசதியின் விடைத் திரைதான். இரு கருவிகளும் நாம் தரும் தொடக்க மதிப்பிலிருந்து தேடிச் சென்று, கிட்டிய ஒரு மூலத்தை மட்டுமே சொல்கின்றன. எக்ஸின் வர்க்கம், 2-இன் எக்ஸாம் அடுக்குக்குச் சமம் என்ற சமன்பாட்டுக்கு 2, 4, ஏறத்தாழ -0.7667 என மூன்று மூலங்கள் உண்டு. தொடக்க மதிப்பை மாற்றாதவருக்கு மற்ற இரண்டும் இருப்பதே தெரியாது.

கிடைத்த விடை சரிதானா என்று பார்க்க, டிஐ இரு பக்கங்களின் வித்தியாசத்தை ஒரே எண்ணாகத் தருகிறது. கேசியோவோ இடப்பக்கத்தின் மதிப்பையும் வலப்பக்கத்தின் மதிப்பையும் தனித்தனி வரிகளில் காட்டுகிறது. 3-இன் எக்ஸாம் அடுக்கு 5 லட்சம் கோடிக்குச் சமம் என்று வைத்துக்கொள்வோம். எக்ஸ் ஏறத்தாழ 26.6158. இதில் 12ஆம் தசம இடத்தில் ஒன்று பிசகினாலே வித்தியாசம் ஐந்தரை வரை போய்விடும். அந்த ஐந்தரையை மட்டும் பார்க்கும் மாணவர் விடை தவறென்று நினைத்து மறுபடியும் தொடங்குவார். பக்கத்திலேயே 5 லட்சம் கோடி என்ற அளவும் தெரிந்தால், அந்தப் பிசகு பொருட்படுத்தத் தக்கதல்ல என்று உடனே புரிந்துகொள்வார். என் மகளுக்கு இந்த வேறுபாட்டைச் சொல்லிக்கொடுக்க ஒரு மாலைப்பொழுது போதுமாக இருந்தது. டிஐயை நான் இரவல் வாங்கிச் சில வாரங்களே பயன்படுத்தினேன் என்பதால், நாள்பட்ட பழக்கத்தில் அந்த ஒற்றை எண்ணே போதும் என்று தோன்றுமோ என்பதை என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது.

கேசியோவும் கைகொடுக்காத ஓர் இடம் உண்டு. எக்ஸின் வர்க்கத்தோடு 1-ஐக் கூட்டினால் 2 எக்ஸ் வரும் என்ற சமன்பாட்டின் இரட்டை மூலம் 1. விடை 1.0000001 என்று வந்தாலும் இரு பக்கங்களும் 2.0000002 என்றே ஒத்துப்போகும், ஏனென்றால் உண்மையான வித்தியாசம் 14ஆம் தசம இடத்தில்தான் தலைகாட்டும். இத்தகைய கேள்விகளில் எந்தக் கருவியானாலும் இரு பக்கங்களின் வித்தியாசத்தை வளைவரையாக வரைந்து, அது எக்ஸ் அச்சை வெட்டிச் செல்கிறதா, தொட்டுத் திரும்புகிறதா என்று முதலில் பார்த்துவிடும்படி மகளிடம் சொல்லியிருக்கிறேன்.