அதிர்வுப் பட்டையா, நரம்பு மின்முனையா?

முழங்காலுக்குக் கீழே செயற்கைக் கால் அணிபவருக்குத் தரை தட்டுப்படுவது சாக்கெட்டின், அதாவது மிஞ்சிய கால் நுழையும் கூட்டின், அழுத்தத்தில்தான். பாதம் படியில் முழுதாகப் பதிந்ததா, பாதி வெளியே நிற்கிறதா என்பதைக் குனிந்து பார்க்க வேண்டியிருக்கிறது. இதற்காக நான் தேர்ந்தெடுத்தது தொடையில் கட்டும் அதிர்வுப் பட்டை.

இன்னொரு வழி, நரம்புக்குள் பொருத்தி மின்துடிப்பால் உணர்வூட்டும் நரம்பு மின்முனை. அதன் சாதனை பெரிது. 2019-இல் சூரிச் ஈ.டி.எச். பல்கலைக்கழகத்தின் ஸ்டானிசா ராஸ்போபோவிச் குழுவினர், முழங்காலுக்கு மேல் கால் இழந்த இருவருக்குத் தொடையில் மிஞ்சியிருந்த, பாதத்துக்குப் போகும் நரம்பில் மின்முனைகளைப் பொருத்தினார்கள். இல்லாத பாதத்திலேயே தொடுகை தெரிந்தது. நடை வேகம் கூடியது, களைப்பு குறைந்தது, இல்லாத காலின் வலியும் தணிந்தது. ஆனால் கம்பிகள் தோலைத் துளைத்து வெளியே வந்தன. சில மாதங்களில் மின்முனைகளை அகற்றிவிட்டார்கள்.

பட்டை எளியது. குதிகால் ஊன்றினால் தொடையின் பின்புறம் ஒரு துடிப்பு, முன்பாதம் ஊன்றினால் முன்புறம். விடாமல் அதிர்ந்தால் தோல் மரத்துப்போகும். ஊன்றும், எடுக்கும் கணங்களில் மட்டும் துடிக்கும் வகைதான் உதவும்.

என்னைப் பொறுத்தவரை பராமரிப்புதான் முடிவைத் தீர்மானித்தது. நம் வெயிலில் மதியத்துக்குள் லைனருக்குள் (சாக்கெட்டுக்குள் தோல்மேல் அணியும் மெத்துறை) வியர்வை தேங்கிவிடும். கழற்றித் துடைத்து மாட்ட வேண்டும். காலையில் இறுக்கமாக இருந்த சாக்கெட் மாலையில் தளர்ந்து, இன்னொரு காலுறை கேட்கும். பட்டை சாக்கெட்டுக்கு வெளியே இருப்பதால் இவை எதுவும் அதைத் தொடுவதில்லை. முதலில் பழுதாவது, பாதம் ஊன்றுவதைப் பட்டைக்குத் தெரிவிக்கும், செருப்புக்குள் இருக்கும் உணரித் தகடு: முன்பாதம் மடங்கும் இடத்தில் கம்பி விட்டுப்போகும். சாலிடரிங் தெரிந்தவர் அதைப் பற்றவைத்துவிடுவார். நரம்பில் இருக்கும் கம்பி அறுந்தால் அறுவை அரங்குக்குத்தான் போக வேண்டும்.

குறையும் உண்டு. பேசிக்கொண்டே நடக்கும்போது சில துடிப்புகள் கவனத்தில் பதிவதில்லை. ஈர மணலில் நான் சோதித்துப் பார்த்ததில்லை. மின்முனையை அணிந்தவனும் அல்லன். இல்லாத காலின் வலி எனக்கு அதிகம் இல்லை. அந்த வலியால் தூக்கம் கெடுபவருக்கு என் கணக்கு பொருந்தாது.

அப்படிப்பட்டவர்கள், ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரப் பேராசிரியர் ஹூபர்ட் எக்கர் 2015-இல் காட்டிய வழியைப் பற்றி மருத்துவரிடம் கேட்கலாம். பாதத்துக்குப் போன நரம்பு முனைகளை அறுவை செய்து தொடைத் தோலுக்குத் திருப்பிவிட்டார்கள். அங்கே அதிர்ந்தால் பாதத்தில் உணர்வு எழுகிறது. அந்தக் காலை அணிந்தவருக்கு வலியும் நின்றதாகச் சொல்லப்பட்டது. பழுதாகக்கூடிய கருவிகள் எல்லாம் உடலுக்கு வெளியேதான் இருக்கின்றன.