ஸ்காபரோவில் இலையுதிர்கால மரக்கறி: வயலில் வந்ததா, விமானத்தில் வந்ததா?

புரட்டாசிச் சனி, நவராத்திரி, கந்தசஷ்டி என்று விரதங்கள் வரிசை கட்டி வரும் காலம் இது. ரொறன்ரோவின் கிழக்கே ஸ்காபரோத் தமிழ் வீடுகளில் மச்சம் குறைந்து மரக்கறிச் செலவு ஏறும். ஒன்ராறியோ வயல்களில் அறுவடை குவிவதும் இதே வாரங்களில்தான். ஒக்டோபர் இரண்டாம் திங்கட்கிழமை தாங்க்ஸ்கிவிங் வருவதற்குள் கடை வாசல்களில் பூசணி வகைகள் மலையாகக் கிடக்கும். அவற்றைத் தாண்டி உள்ளே போய், விமானத்தில் வந்த முருங்கைக்காயையும் டொமினிக்கன் குடியரசிலிருந்து வந்த பாகற்காயையும் கூடையில் போடுவதுதான் நம் ஆட்களின் வழக்கம். இது சரியா என்றால், பாதி சரி. எந்தக் கறிக்கு என்பதைப் பொறுத்தது.

பூசணியில் யோசிக்கவே வேண்டாம், உள்ளூர்தான். கரிபியன் பக்கத்திலிருந்து வரும் பூசணியைக் கீற்றுக் கீற்றாக வெட்டி பிளாஸ்ரிக் சுற்றி வைத்திருப்பார்கள். நிறமும் மணமும் ஊர்ப் பூசணிக்குக் கிட்ட வரும், உண்மைதான். ஆனால் எப்போது வெட்டியது என்று தெரியாது, விதைப் பக்கம் கொழகொழத்திருக்கும். அதற்குப் பக்கத்திலேயே முழு பட்டர்நட் ஸ்குவாஷ் கிடக்கிறது. ஊர்ப் பூசணிகளில் பலவும் இதுவும் ஒரே இனம். தோல் மெல்லியது, உருளைக்கிழங்கு சீவுகிற கருவியாலேயே சீவிவிடலாம். கழுத்துப் பகுதி முழுக்கச் சதை, விதை கிடையாது. பால்கறிக்கு வைத்தால் இனிப்பு கொஞ்சம் தூக்கலாக இருக்கும், அதனால் பச்சை மிளகாயை ஒன்றுக்கு இரண்டாகப் போடவேண்டும். தண்ணீரை மட்டும் பழைய கைக்கணக்கில் விடாதீர்கள். பட்டர்நட் தானே நீர் விடும். அரைக் கோப்பை போதும்.

என் வாக்கு ஆனாலும் பட்டர்நட்டுக்கு இல்லை, கபோச்சாவுக்கு. கரும்பச்சைத் தோலும் தட்டையான உருண்டை வடிவமுமாக இருக்கும் ஜப்பானிய வகை அது. ஒன்ராறியோவிலும் விளைகிறது. சதை மாப்பிடிப்பானது, கிட்டத்தட்ட வற்றாளைக்கிழங்கு போல. தேங்காய்ப்பால் விட்டு இறக்கும்போதும் துண்டுகள் கரையாமல் நிற்கும். தோலை எடுக்கவும் தேவையில்லை, வெந்தால் மிருதுவாகிவிடும். ஒரே குறை, வெட்டுவது. கத்தி இறங்காது, வழுக்கினால் கைதான் போகும். இரண்டு மூன்று இடத்தில் குத்திவிட்டு, முழுக்காயையும் இரண்டு மூன்று நிமிடம் மைக்ரோவேவில் வைத்து எடுத்தால் கத்தி சொன்னபடி கேட்கும். ஏக்கோர்ன் ஸ்குவாஷை விட்டுவிடுங்கள், அந்த வரிப் பள்ளங்களுக்குள் தோல் சீவி முடிப்பதற்குள் சோறு ஆறிவிடும். ஹலோவீன் பூசணி முகம் செதுக்குவதற்கு மட்டும். அதைக் கறி வைத்தால் நாரும் தண்ணீரும்தான் மிஞ்சும்.

விலையைப் பார்த்தாலும், ஒரு இறாத்தல் முருங்கைக்காய் வாங்கும் காசுக்கு ஒக்டோபரில் ஒரு முழு ஸ்குவாஷ் வந்துவிடும்.

கீரையில் போட்டி கடுமையானது. வல்லாரையும் பொன்னாங்காணியும் பறந்து வந்து, கட்டு அவிழ்க்கும்போதே பாதி மஞ்சளாகியிருக்கும். எதிரே நிற்பது கேல். முரட்டு இலை என்று பலருக்கு அதன்மேல் ஒரு இளக்காரம். செப்டெம்பரில் வாங்கினால் அந்த இளக்காரம் நியாயமே. ஆனால் இரண்டு இரவு உறைபனி பட்டபிறகு வருகிற கேல் வேறு பண்டம். குளிரில் உறைந்துபோகாமல் இருக்கச் செடி தன் மாச்சத்தைச் சர்க்கரையாக்கிக்கொள்கிறது, கைப்பு குறைகிறது. நடு நரம்பைக் கிழித்து எறிந்துவிட்டு, இலையைச் சுருட்டி நூல் நூலாக அரிந்து, உப்புப் போட்டுக் கையால் நன்றாகப் பிசையுங்கள். பிறகு கடுகு, செத்தல் மிளகாய், வெங்காயம் தாளித்து வறுத்து, கடைசியில் தேங்காய்ப்பூ. முருங்கையிலை வறை சாப்பிட்ட வாய்க்கு இது குறையாகத் தெரியாது. வல்லாரைச் சம்பல் என்றால் மட்டும் கேல் தோற்றுவிடும். அந்தப் பச்சை மணம் வேறு எந்த இலையிலும் இல்லை. சம்பல் வேண்டுமென்றால் காசைக் கொடுத்து வல்லாரையே வாங்கவேண்டியதுதான்.

லீக்ஸ், பீற்றூட், கரட், கோவா பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. நுவரெலியா மரக்கறி என்று ஊரிலேயே சமைத்துப் பழகியவை. இங்கே இந்த மாதங்களில் ரொறன்ரோவுக்கு வடக்கே ஹொலண்ட் மார்ஷ் கறுப்பு மண்ணிலிருந்து மலிவாக வந்து இறங்குகின்றன. பீற்றூட்டை இலையோடு வாங்கினால் ஒரு கறியும் ஒரு வறையும் ஆயிற்று.

முருங்கைக்காய்க்கு உள்ளூரில் எதிராளியே கிடையாது. அதற்குப் பதிலாக எதைப் போட்டாலும் சாம்பாரும் சரிவராது, பால்கறியும் சரிவராது. ஆகவே விமானச் செலவு கொடுக்கிற காசை இதற்கும் கறிவேப்பிலைக்கும் ஒதுக்கிவைப்பதுதான் கெட்டித்தனம். உறையவைத்த முருங்கைக்காய் குழம்புக்குப் பரவாயில்லை, மற்றதற்கு நார் நாராகப் பிரிந்துவிடும். பாகல், பயிற்றங்காய் இரண்டும் கோடையில் நம் கொல்லைப் பந்தல்களிலேயே காய்த்துத் தள்ளுபவை. முதல் உறைபனிக்கு முன் பறித்து, வெட்டி, பிரீசரில் போட்டவர்களுக்கு ஹொண்டுராஸ் பாகற்காய் தேவைப்படாது. கத்தரிக்காயும் அப்படித்தான், ஒக்டோபர் பிறக்கும்வரை உள்ளூர் வயல் காய், அதன்பிறகு இறக்குமதி.

‘ஒன்ராறியோவில் விளைந்தது’ என்ற ஒட்டுத்தாளை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்லிவிடவும் முடியாது. தென்மேற்கு ஒன்ராறியோவில் லீமிங்ரன் பக்கம் ஏக்கர் ஏக்கராகக் கண்ணாடிக் கூடாரங்கள் நிற்கின்றன. நவம்பரில் வரும் தக்காளியும் வெள்ளரியும் பெரும்பாலும் அங்கே எரிவாயுவில் சூடேற்றி வளர்த்தவை. உள்ளூர்தான், ஆனால் பருவத்துக் காய் இல்லை. சொதிக்கு அந்தத் தக்காளி போதும். ரசத்துக்குப் புளியைக் கூட்டாமல் முடியாது.

பழத்துக்கு வந்தால், இந்த மாதங்களில் வரும் மாம்பழத்தைத் தொடவே வேண்டாம் என்பேன். பிரேசிலிலிருந்தும் எக்குவடோரிலிருந்தும் வரும் டொமி அற்கின்ஸ், நீண்ட பயணத்தைத் தாங்கும் தடித்த தோலுக்காகவே விரும்பி வளர்க்கப்படும் வகை. கன்னம் சிவந்து அழகாக இருக்கும், உள்ளே நார். கறுத்தக்கொழும்பானை நினைத்துக்கொண்டு வெட்டினால் மனம்தான் நோகும். அதற்கு எதிரே மக்கின்ரொஷ் அப்பிள், 1811இல் கிழக்கு ஒன்ராறியோவின் டன்டெலாவில் ஜோன் மக்கின்ரொஷ் என்ற விவசாயி கண்டெடுத்த மரத்தின் வழி வந்தது. அப்பிள் நிறுவனத்தின் மக்கின்ரொஷ் கணினிக்கும் பிற்பாடு இதன் பெயரைத்தான் வைத்தார்கள். செப்டெம்பர் நடுவில் பறித்ததும் கடித்தால் புளிப்பும் இனிப்பும் சேர்ந்து சாறு தெறிக்கும். மே மாதத்திலும் இதே அப்பிள் கடையில் இருக்கும். ஆனால் அது ஒட்சிசன் குறைத்த குளிர் அறையில் மாதக்கணக்காகத் தூங்கி எழுந்தது, மாவாக இருக்கும். மக்கின்ரொஷ் சாப்பிட இதுதான் காலம். விலை கூடிய ஹனிகிறிஸ்ப் பிள்ளைகளுக்குப் பிடிக்கும், எனக்கு வெறும் இனிப்பு.

மாங்காய்க்கும் இங்கே ஒரு மாற்று இருக்கிறது. ஒக்டோபர் கடைசியில் வரும் நொதர்ன் ஸ்பை. பை சுடுபவர்கள் தேடும் புளிப்பு அப்பிள் அது. தோலோடு மெல்லிய கீற்றாக வெட்டி, உப்பும் மிளகாய்த்தூளும் தூவித் தின்னலாம். கறுவாப்பட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்து மாங்காய்க் கறி மாதிரியும் வைக்கலாம், அடுப்பில் ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம், குழைந்துவிடும். பெயார்ஸ் வாங்கினால் கல்லுப்போல இருக்கிறதே என்று எறிந்துவிடாதீர்கள். மரத்திலே பழுக்கவிட்டால் நடுப்பகுதி முதலில் அழுகும் என்பதால் காயாகத்தான் பறிப்பார்கள். மேசையில் வைத்து, காம்படியில் விரலால் அழுத்தி லேசாக இளகும்போது வெட்டவேண்டும்.

ஸ்குவாஷை மலிவாகக் கிடைக்கிற இப்போதே நாலைந்து வாங்கி வைக்கலாம். காம்பு உடையாததாக, தோலில் காயமில்லாததாகப் பார்த்து எடுங்கள். பிரிஜ்ஜுக்குள் வைத்தால் கெட்டுப்போகும், கராஜில் வைத்தால் உறைந்துவிடும். பேஸ்மன்டில் ஹீற்றருக்குத் தள்ளி, ஒன்றோடொன்று முட்டாமல் கடதாசிமேல் அடுக்கிவைத்தால் பட்டர்நட் தைப்பொங்கல் வரை தாக்குப்பிடிக்கும். கபோச்சாவை அதற்கு முன்பே சமைத்து முடித்துவிடுங்கள்.