ரிட்டர்ன் பம்புக்கு ‘ஸ்பீட் கொன்ட்ரோலர்’ வாங்கி 34,000 ரூபாயை இழந்தேன்: மீன் தொட்டி வைத்திருப்பவர்கள் கவனிக்கவும்

திருகோணமலை நகரத்துக்குள் அலங்கார மீன்களும் அவற்றுக்கான சாமான்களும் விற்கும் ஒரு கடையில் சென்ற வெள்ளிக்கிழமை 34,000 ரூபாய் கொடுத்து நான் வாங்கிய பம்பும், அதன் வேகத்தைக் குறைக்கும் என்று சொல்லித் தரப்பட்ட பெட்டியும் செவ்வாய்க்கிழமை காலையில் பயனற்றுப் போய்விட்டன. கடைக்காரர் பொறுப்பேற்க மறுக்கிறார். கோபம் ஆறாமல்தான் எழுதுகிறேன். ஆனால் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

உப்புவெளியில் உள்ள எங்கள் வீட்டில் ஏறக்குறைய 250 லீற்றர் கொள்ளும் கடல்நீர்த் தொட்டி இருக்கிறது. தொட்டியிலிருந்து வழியும் நீர் கீழேயுள்ள சம்ப் என்ற சிறு தொட்டியில் இறங்க, ரிட்டர்ன் பம்ப் அதை மறுபடி மேலே ஏற்றும். பழைய பம்ப் பழுதானதால் புதியது கேட்டுப் போனேன். அங்கே இருந்தது மணிக்கு 3,000 லீற்றர் தள்ளும் பம்ப் ஒன்றுதான். எனக்கு அதில் பாதியே தாராளம் என்றும், அளவுக்கு மிஞ்சினால் வடிகுழாய் இரவு முழுவதும் கொறகொறவென்று சத்தமிடும் என்றும் சொன்னேன்.

கடைக்காரர் என்னைத் தன் காட்சித் தொட்டிக்கு அழைத்துப் போனார். “பயப்படாதீங்கோ அண்ணை, வீட்டு ஃபேன் மாதிரித்தான், திருகினால் குறையும்” என்று சொல்லி, பக்கத்தில் இருந்த ஒரு குமிழைத் திருப்பினார். பெருவிரல் தடிப்பில் விழுந்துகொண்டிருந்த நீர் மெல்ல மெலிந்து நூலாகியது. மறுபக்கம் திருப்ப, பழையபடி பெருகியது. என் மகளையும் திருப்பிப் பார்க்கச் சொன்னார். கண்ணால் கண்ட பிறகு நான் வேறென்ன கேட்பேன்? பம்புக்கு 26,500 ரூபாயும் பெட்டிக்கு 7,500 ரூபாயும் எண்ணிக் கொடுத்தேன். பில்லில் “மோட்டர் 1, கொன்ட்ரோலர் 1” என்று மட்டும் எழுதித் தந்தார். அதையும் அப்போது நான் பொருட்படுத்தவில்லை.

முழு வேகத்தில் மூன்று நாள் ஓடியது. திங்கள் இரவு சத்தம் தாங்காமல் குமிழைப் பாதிக்குத் திருப்பினேன். பம்ப் உறுமியது, நீர் சற்றுக் குறைந்ததுபோல் தெரிந்தது, படுத்துவிட்டேன். விடிய எழுந்து பார்த்தபோது தொட்டியின் மேற்பரப்பு அசைவின்றி எண்ணெய் படர்ந்ததுபோல் கிடந்தது. மின்சாரத்தை நிறுத்திவிட்டுப் பம்பைத் தொட்டால், சுட்டது. இரண்டு கோமாளி மீன்களில் ஒன்று மணலில் சரிந்து கிடந்தது. அதை மகள்தான் முதலில் கண்டாள்.

அன்றே கடைக்குப் போனேன். “உங்கட பக்கம் கரண்ட் ஏறி இறங்கியிருக்கும்” என்றார். புதன்கிழமை, கொழும்பில் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். இன்று, குமிழைத் திருப்பியது நான்தானே என்று கேட்கிறார். திருப்புவதற்கென்றே 7,500 ரூபாய்க்கு விற்றுவிட்டு, திருப்பியது என் குற்றமாம்! மாலையில் தொலைபேசியை எடுக்கவே இல்லை.

மோட்டர் வைண்டிங் செய்யும் தெரிந்தவர் ஒருவரிடம் பெட்டியைக் கொடுத்தேன். திறந்து பார்த்தால், உள்ளே இருப்பது சாதாரண மின்விசிறி ரெகுலேட்டர். அவர் விளக்கியது இதுதான்: இந்த வகை ஏசி பம்பின் சுழலி ஒரு நிலைக்காந்தம், மின்சாரத்தின் 50 ஹேர்ட்ஸ் அலைவெண்ணோடு ஒட்டித்தான் அது சுழலும். வோல்டேஜைக் குறைத்தால் வேகம் ஒழுங்காகக் குறையாது. இழுவைச் சக்தி போய், ஒரு கட்டத்தில் சுழலி நின்றுவிடும். நின்ற பிறகும் சுருளில் மின்சாரம் ஓடும், குளிர்விக்க நீரோட்டம் இருக்காது, சூடேறிக் கருகும். சுருளின் மேல் பிசின் ஊற்றி அடைத்திருப்பதால் திரும்பச் சுற்றவும் வழியில்லை என்று கையை விரித்துவிட்டார்.

அப்படியானால் கடையில் நான் கண்டது என்ன? இன்று அந்தக் காட்சித் தொட்டியின் பின்புறம் எட்டிப் பார்த்தேன். கறுப்பு அடப்டர் ஒன்று தொங்கியது; அதில் 24 வோல்ட் டிசி என்று இருந்தது. அது தனக்கென்றே கட்டுப்படுத்தி கொண்ட டிசி பம்ப். எனக்குக் காட்டியது ஒன்று, 34,000 ரூபாய்க்கு என் கையில் தந்தது வேறொன்று.

விரிவாக எழுத நினைத்தேன், மனம் ஓடவில்லை. பம்பின் லேபிளில் 230 வோல்ட் ஏசி என்று இருந்தால் எந்த ரெகுலேட்டரையும் அதில் பூட்டாதீர்கள். நீரைக் குறைக்க வேண்டுமானால் வெளியேறும் குழாயில் ஒரு கேற் வால்வு போடுங்கள், அல்லது ‘T’ வடிவக் குழாய் இணைப்பு ஒன்று வைத்து மிச்ச நீரைச் சம்ப்புக்கே திருப்புங்கள்; உறிஞ்சும் பக்கத்தை ஒருபோதும் அடைக்க வேண்டாம். குமிழால்தான் குறைக்க வேண்டுமென்றால் டிசி பம்பே வாங்குங்கள். உத்தரவாதக் காலத்தைப் பில்லில் எழுதாத கடையில் காசை நீட்டாதீர்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு நாளை காலை அழைத்து முறையிடப் போகிறேன். இதே பெட்டியை வாங்கியவர்கள் வேறு யாரும் இருந்தால் தயவுசெய்து நீங்களும் அழையுங்கள்.