21 ஜம்ப் ஸ்ட்ரீட் (2012): டேட்டமுக்காகவே பார்க்கலாம்

மாணவர் வேஷத்தில் பள்ளிக்குள் நுழைந்து போதை மாத்திரை கும்பலைத் தேடும் இரண்டு போலீஸ்காரர்கள். யாருக்கு எந்தப் பொய்ப்பெயர் என்பதை ஜென்கோ குழப்பிவிட, விளையாட்டுக்காரனான அவன் வேதியியல் வகுப்பிலும், படிப்பாளி ஷ்மிட் நாடக வகுப்பிலும் போய் மாட்டிக்கொள்கிறார்கள். படம் ஓடுவதே இந்த ஆள்மாறாட்டத்தில்தான்.

ஷ்மிட்டாக வரும் ஜோனா ஹில் சிரிக்கவைப்பது எதிர்பார்த்ததே. ஆச்சரியம் ஜென்கோவாக வரும் சானிங் டேட்டம். ஒற்றைத் தோளில் பை மாட்டுவதுதான் கெத்து என்று வந்து இறங்குகிறவர், சுற்றிலும் எல்லாரும் இரண்டு தோளிலும் மாட்டியிருப்பதைப் பார்த்து முழிப்பாரே, அந்த முகம்! அசட்டுத்தனத்தை காமெடி என்று காட்டிக்கொள்ளாமல் முழு நம்பிக்கையோடு செய்கிறார், அதனால்தான் எடுபடுகிறது. நெடுஞ்சாலைத் துரத்தலில் எண்ணெய் லாரி வெடிக்காமல் ஏமாற்றுவதும் நல்ல குறும்பு.

போலீஸ் கேப்டனாக ஐஸ் க்யூப் கத்துவது இன்னும் கொஞ்சம் இருந்திருக்கலாம். கடைசி துப்பாக்கிச் சண்டை இழுவை. கெட்ட வார்த்தைகள் ஏராளம், குழந்தைகளோடு வேண்டாம்.