கஜாவை மரத்துக்குள் பார்த்தேன்: இன்கிரிமென்ட் போரர், ஆறு மாத அனுபவம்

பட்டுக்கோட்டைப் பக்கம் எங்கள் தோப்பில் 1997-இல் அப்பா தேக்கு வைத்தார். எத்தனை கன்று, எந்த வருடம் எவ்வளவு பருத்தது, ஒரு குறிப்பும் கிடையாது. போன வருடம் மர வியாபாரி ஒருவர் வந்து, ‘இது வளராத ஜாதி’ என்று அடிமாட்டு விலைக்குக் கேட்டார். அந்தக் கடுப்பில் வாங்கியதுதான் மரத்தை வெட்டாமலே வருட வளையங்களைப் பார்க்க உதவும் இந்த போரர். ஸ்வீடன் சரக்கு, 300 மி.மீ. நீளம். பழைய டிவிஎஸ் எக்ஸெல் ஒன்று வாங்குகிற காசு ஆனது. வீட்டில் இன்னும் முழு விலை சொல்லவில்லை.

உள்ளே குழாயாக இருக்கும் திருகுதான் இது. நெஞ்சு உயரத்தில், அதாவது வனத்துறைக் கணக்கில் 1.37 மீட்டரில், வைத்துத் திருகினால் 5.15 மி.மீ. கனத்தில் ஒரு குச்சி வெளியே வரும். அதைப் பத்திரப்படுத்த இளநீர் ஸ்ட்ரா கனகச்சிதம். பலகையில் ஒட்டி, 400-ஆம் நம்பர் உப்புத்தாளால் தேய்த்து, லென்ஸில் பார்க்க வேண்டும். தேக்கில் ஒவ்வொரு வருட வளர்ச்சியும் பெரிய துளை வரிசையோடு தொடங்கும், எண்ணுவது எளிது. (தென்னையில் போட்டுப் பார்க்காதீர்கள், அதற்கு வளையமே கிடையாது.)

84 செ.மீ. சுற்றளவுள்ள ஒரு மரம். நடுவிலிருந்து முதல் ஏழு வளையங்கள் தலா 8 மி.மீ. அடுத்த பதினான்கு வருடம் வெறும் இரண்டரை. நெருக்கி வைத்துவிட்டு அப்பா இடையிடையே வெட்டிக் கலைத்துவிடவே இல்லை. 2018 நவம்பரில் கஜா புயல் பாதித் தோப்பைச் சாய்த்தது. அதற்குப் பிறகு வந்த ஆறு வளையங்கள் தலா 5 மி.மீ.! வெளிச்சம் கிடைத்ததும் மரம் மூச்சு விட்டிருக்கிறது. அந்த 30 மி.மீ.யை இரு பக்கமும் கழித்தால், 2018-இல் சுற்றளவு சுமார் 65 செ.மீ. பட்டை மாற்றத்தை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

அன்று தோப்பு எவ்வளவு நெருக்கமாக இருந்தது என்று பார்க்கப் போய், இங்கேதான் ஏமாந்தேன். நிற்கிற மரங்களை மட்டும் இப்படிக் கழித்தால், கஜாவுக்கு முன் தோப்பு காலியாகக் கிடந்தது போலக் கணக்கு வருகிறது. விழுந்தவற்றை போரர் எப்படிச் சொல்லும்? அப்புறம் துளிர்ப் புதருக்குள் கையை விட்டு அடிக்கட்டைகளைத் தேடித் தேடி டேப் பிடித்தேன். அதையும் சேர்த்த பிறகுதான் அன்றைய நெருக்கம் பிடிபட்டது.

குறை? தேக்கின் வைரத்தில் தோள்பட்டை கழன்றுவிடும். திருகில் தேன்மெழுகு தடவியே ஆக வேண்டும். ஒருநாள் பாதியில் விட்டு டீ குடிக்கப் போனேன், மரம் இறுக்கிப் பிடித்துக்கொண்டது. மீட்க இரண்டு ஆள். விற்ற கடை குச்சி எடுக்கும் தகடு வைக்க மறந்து, மூன்று வாரம் அலையவிட்டது. ஓட்டையைச் சுற்றி மரம் கறுக்கும், அதனால் விற்கப்போகும் நல்ல மரத்தில் போடாதீர்கள்.

5-க்கு 4. என் மரங்களுக்கு 200 மி.மீ.யே போதும், அது தெரியாமல் பெரியதாக வாங்கிவிட்டேன். வியாபாரி மறுபடி வந்தபோது ஸ்ட்ராவைத்தான் முதலில் நீட்டினேன்.